ஒரே அளவு ஊசிதான் போடுகிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஒரு தடவை 1,100, அடுத்த தடவை 320. எதை நம்புவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் 200 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. ஒரு ரிப்போர்ட்டில் 1,100 நானோகிராம்/டெசிலிட்டர், அடுத்ததில் 320. விரைகளைத் தூண்டும் எல்எச் ஹார்மோன் கிட்டத்தட்ட பூஜ்யம். பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் எஸ்ட்ராடையால் கொஞ்சம் கூடுதல் என்பதால், அதைக் குறைக்க மாத்திரை போடச் சொல்லி நண்பர் வற்புறுத்துகிறார். டெஸ்டோஸ்டிரோனை 900க்கு மேலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று கடைசியில் ஒரு கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்த பிறகு சில வருடங்களாக இதே மருந்தில் இருப்பவன். அந்த அனுபவமும், என் மருத்துவரைத் துளைத்தெடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே எழுதுவது.

இரண்டு எண்ணுமே சரியாக இருக்க முடியும். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும், அது ஊசி போட்டு எத்தனையாவது நாள் எடுத்த ரத்தம் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 1,100 வந்தது மூன்றாம் நாளாகவும் 320 வந்தது பதின்மூன்றாம் நாளாகவும் இருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை. மருந்து எண்ணெயில் கரைந்து தசைக்குள் தங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வருகிறது. போட்ட முதல் இரண்டு மூன்று நாளில் உச்சம். எனந்தேட்டின் அரை ஆயுள் ஏறத்தாழ நாலரை நாள். அதாவது அந்த உச்சம் அடுத்த ஊசிக்குள் இரண்டு மூன்று தடவை பாதியாகிவிடும். மாதம் முழுக்க இந்த ஏற்ற இறக்கம்தான் நடக்கிறது. லேப் அதில் ஒரு நொடியைத்தான் பிடிக்கிறது.

அதனால்தான் ரத்தம் எடுக்கும் நாளுக்கு விதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டுதலின்படி, எனந்தேட், சிப்பியோனேட் ஊசிகளுக்கு இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் ரத்தம் எடுக்க வேண்டும். உங்கள் கணக்குக்கு அது ஏழாம் நாள். அப்போது 350க்கும் 600க்கும் இடையில் இருந்தால் அளவு சரி; அதைத் தாண்டினாலோ குறைந்தாலோ ஊசியின் அளவையோ இடைவெளியையோ மாற்ற யோசிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போடும் அண்டெகனோயேட் ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு எடுக்க வேண்டும். ஜெல் தடவுபவர்களுக்கு, தடவி இரண்டு முதல் எட்டு மணி நேரத்துக்குள். ஜெல் தடவிய இடத்திலேயே ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் மருந்தும் கலந்து எண் எங்கேயோ போய்விடும். ஆகவே ஜெல் படாத இடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

பல லேப் தாள்களில் அச்சிட்டிருக்கும் 264–916 என்ற எல்லையையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். அது 19 முதல் 39 வயதுக்குள், உடல் பருமன் இல்லாத ஆரோக்கியமான ஆண்களிடமிருந்து வந்த எல்லை. ஊசி போட்ட மூன்றாம் நாள் ரத்தத்தை அதனோடு ஒப்பிட்டு 'ஹை' என்று சிவப்பில் காட்டுவது கணினியின் வேலை. அதைப் பார்த்து நீங்களாக அடுத்த ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

இந்த ஏற்ற இறக்கம் உடம்பிலும் தெரியும். இரண்டாவது வாரத்தின் கடைசியில் எனக்குக் களைப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். எனக்கு முன்பே வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மருத்துவரிடம் சொன்னபோது மொத்த அளவைக் கூட்டாமல், அதையே பாதியாக்கி வாரம் ஒரு ஊசியாக மாற்றினார். உச்சம் இறங்கியது, பள்ளமும் ஏறியது. அந்தச் சோர்வு போய்விட்டது. உங்களுக்கும் 200ஐ வாரம் 100 ஆகப் பிரிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். மாற்றினால் உடனே டெஸ்டுக்கு ஓட வேண்டாம், ரத்தத்தில் புது நிலை படிய மூன்று நான்கு வாரமாவது ஆகும்.

அடுத்தது எல்எச். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிதான் எல்எச்சை அனுப்பி, விரைகளை டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கச் சொல்கிறது. வெளியிலிருந்து தாராளமாக வருகிறது என்று தெரிந்ததும் அது அனுப்புவதை நிறுத்திவிடும். சிகிச்சையில் இருக்கும்போது எல்எச், அதோடு பிட்யூட்டரி அனுப்பும் எஃப்எஸ்எச் இரண்டும் அடிமட்டத்தில் இருப்பது எதிர்பார்த்ததுதான். பயப்பட வேண்டாம். அந்த எண்ணுக்கு மதிப்பு சிகிச்சை தொடங்கும் முன்புதான்: குறை விரையிலா, பிட்யூட்டரியிலா என்று அப்போது அது சொல்லும். ஊசி ஆரம்பிப்பதற்கு முன் எடுத்த ரிப்போர்ட் உங்களிடம் இருந்தால் பத்திரமாக வையுங்கள். புது மருத்துவர் யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு விளைவு உண்டு, அதை நீங்கள் கேட்கவே இல்லை. விந்தணு உருவாக விரைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். எல்எச் நின்றால் அது சரிந்துவிடும். ரத்தத்தில் 600 இருந்தும் விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகலாம். உலக சுகாதார அமைப்பு வாரம் 200 மில்லிகிராம் எனந்தேட்டை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதித்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டது. ஆண்மைக்குறைவுக்கு ஊசி போடுகிறோம், குழந்தைக்கும் இது உதவும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடப்பது நேர் எதிர். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் எண்ணிக்கை திரும்ப வரும். ஆனால் பல மாதம் பிடிக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் ஓரமாக இருந்தால்கூட இப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எல்எச் போலவே விரைகளைத் தூண்டும் எச்சிஜி போன்ற வேறு ஊசிகள் இருக்கின்றன, விந்தணுவைச் சேமித்து வைக்கவும் வழி உண்டு. அதேசமயம், இந்த ஊசியையே கருத்தடையாக நம்பிவிடவும் கூடாது. எல்லோருக்கும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போவதில்லை.

நண்பர் சொன்ன மாத்திரை விஷயம். டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை அரோமட்டேஸ் என்ற என்சைம் எஸ்ட்ராடையாலாக மாற்றுகிறது, முக்கியமாகக் கொழுப்புத் திசுவில். பெண் ஹார்மோன் என்று பெயர் எடுத்துவிட்டதால் அதை எதிரியாகப் பார்க்கிறார்கள். ஆண் உடம்புக்கும் அது தேவை. எலும்பு உறுதி அதை நம்பித்தான் இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் அனஸ்ட்ரசோல் மாத்திரையால் எஸ்ட்ராடையாலைத் தடுத்தார்கள். அவர்களுக்கு உடல் கொழுப்பு கூடியது, பாலுணர்வு குறைந்தது. நண்பர் எதைக் காப்பாற்றப் பார்க்கிறாரோ அதுவே போகும். போதாதற்கு, பல லேப்களில் செய்யும் சாதாரண எஸ்ட்ராடையால் டெஸ்ட் ஆண்களின் குறைந்த அளவில் அவ்வளவு துல்லியம் இல்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் பார்த்தால்தான் நம்பலாம். மார்பு வீக்கம், வலி என்று எதுவும் இல்லாமல் எண்ணுக்கு மட்டும் மாத்திரை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படி ஏதாவது இருந்தாலும் முதலில் ஊசியின் அளவையும் இடைவெளியையும்தான் பார்ப்பார்கள்.

ரத்தத்தில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தும் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால், அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எஸ்ஹெச்பிஜி என்ற ரத்தப் புரதத்தைப் பார்க்கச் சொல்லலாம். டெஸ்டோஸ்டிரோனில் 2 சதவீதம் அளவுதான் தனியாகத் திரிகிறது. மீதி எஸ்ஹெச்பிஜியிலும் அல்புமின் என்ற இன்னொரு புரதத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். உடல் பருமன், டைப் 2 சர்க்கரை நோய் இருந்தால் எஸ்ஹெச்பிஜி குறையும், மொத்த எண்ணும் குறைவாகத் தெரியும். வயது, கல்லீரல் நோய், அதிகத் தைராய்டு அதைக் கூட்டும். 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' என்று நேரடியாக அளந்து தரும் மலிவான டெஸ்டை நம்பாதீர்கள். எஸ்ஹெச்பிஜி, அல்புமின் இரண்டையும் வைத்துக் கணக்கிடுவது அதைவிட மேல்.

லேப் மாற்றினால் அலகையும் கவனியுங்கள். நானோமோல்/லிட்டரில் 20 என்றால் அது நானோகிராம்/டெசிலிட்டரில் 577. அப்புறம், முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் லேபில் சொல்லிவிடுங்கள், சில கருவிகளில் அது ஹார்மோன் எண்ணைத் தப்பாகக் காட்டும்.

இனி 900. அங்கே என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று யாரும் எனக்கு உருப்படியாகச் சொன்னதில்லை. என்ன கெடும் என்பது தெரியும். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைக் கூட்டும். ரத்தத்தில் அவற்றின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, அது இறங்கிய பிறகு குறைந்த அளவில்தான் மறுபடி தொடங்குவார்கள். ஜெல்லைவிட ஊசியில் இது அதிகம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று தூங்குபவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இன்னும் அதிகம். 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு, இதய நோயோ அதற்கான ஆபத்தோ இருந்த 5,200க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்தது. ஜெல் தடவியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டும் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. அவர்களுக்கும் அளவை இயல்பு எல்லைக்குள் வைக்கத்தான் பார்த்தார்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் ரிப்போர்ட்டில் ஹீமட்டோகிரிட்டும் இல்லை, புரோஸ்டேட் சுரப்பிக்காகப் பார்க்கும் பிஎஸ்ஏவும் இல்லை. தொடங்கும் முன்பும், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், பிறகு வருடம் ஒரு தடவையும் ஹீமட்டோகிரிட் பார்க்க வேண்டும். பிஎஸ்ஏ உங்கள் வயதைப் பொறுத்து. முதல் வருடத்தில் அது, தொடங்கும் முன் இருந்ததைவிட 1.4 நானோகிராம்/மில்லிலிட்டருக்கு மேல் கூடினால் சிறுநீரியல் மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) அனுப்புவார்கள். ஏழாம் நாள் ரத்தம் கொடுக்கப் போகும்போது இவற்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.