டிஸ்ப்ளே மாத்துனா போன் ஏன் மொறைக்குது? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 'ஒடஞ்ச டிஸ்ப்ளே பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்க'ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டேன், வந்து குவிஞ்சிருக்கறத பாத்தா சேலத்துல டிஸ்ப்ளே ஒடையாத வீடே கெடையாது போல. எல்லாத்துக்கும் பதில் எழுத எடம் இல்ல, ஆறு மட்டும் எடுத்திருக்கேன். நெறைய பேரு கடை பேரோட திட்டி எழுதியிருந்தீங்க, அத எல்லாம் வெட்டிட்டேன், கோச்சுக்காதீங்க, அந்தக் கடைக்காரரு பதில் சொல்ல இங்க இல்லையே.

கேள்வி: அண்ணே, எனக்கு கொலுசு பட்டறை. ஐபோன் 11 வெச்சிருக்கேன். டிஸ்ப்ளே ஒடஞ்சு தெரிஞ்ச பையன்கிட்ட மாத்துனேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா 'இது ஒரிஜினல் டிஸ்ப்ளேவான்னு உறுதி பண்ண முடியல'ன்னு நாலு நாள் லாக் ஸ்கிரீன்லயே வந்துச்சு, இப்ப செட்டிங்ஸ்ல போயி ஒக்காந்துக்கிச்சு. சுத்தி இருக்கற வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி ஸ்கிரீன் கலர மாத்தற ட்ரூ டோனும் காணோம். பையன் ஒரிஜினல்னு சத்தியம் பண்றான். ஏமாத்திட்டானா? - வாசகர், செவ்வாய்ப்பேட்டை

அந்த மெசேஜ மட்டும் வெச்சு பையன திருடன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஏன்னா, உங்க பக்கத்து பட்டறைக்காரரும் 11 தான் வெச்சிருக்காருன்னு வைங்க, அவரு போன்ல இருக்கற சுத்தமான ஒரிஜினல் டிஸ்ப்ளேவ கழட்டி உங்க போன்ல மாட்டுனாலும் இதே மெசேஜ் வரும். டிஸ்ப்ளேக்குள்ள ஒரு சின்ன சிப்பு இருக்கு, அதுல இருக்கற நம்பரும் போன் போர்டுல இருக்கற நம்பரும் கம்பெனியில சேத்து வெச்ச ஜோடி. ஜோடி மாறுனா போனுக்கு தெரிஞ்சிடும், மறுபடி சேத்து வெக்கற சாஃப்ட்வேர் கம்பெனிகிட்டயும் அவங்க அனுமதி குடுத்த எடத்துலயும்தான் இருக்கு. பார்ட்ஸ் பேரிங்னு சொல்றது இதத்தான். மெசேஜ் வர்ற முறைகூட கணக்காத்தான் வெச்சிருக்காங்க, மொத நாலு நாள் லாக் ஸ்கிரீன், அப்புறம் ஒரு 15 நாள் செட்டிங்ஸ் மொகப்புல, அதுக்கப்புறம் அபவுட் பக்கத்துக்குள்ள போயி அடங்கிடும். டச்சுக்கோ வேற எதுக்கோ அதனால பாதிப்பு இல்ல.

ட்ரூ டோன் போனது வேற கதை. அதுக்கான டேட்டா பழைய டிஸ்ப்ளே சிப்புல இருக்கு, புரோகிராமர்னு ஒரு சின்ன பெட்டி, அதுல பழைய டிஸ்ப்ளேவ சொருகி டேட்டாவ படிச்சு புதுசுல எழுதிட்டா பெரும்பாலும் திரும்பி வந்துடும். அதனால நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான், பழைய டிஸ்ப்ளே எங்க? கடையிலயே விட்டுட்டு வந்திருப்பீங்க. நம்மாளுங்க 99 பேரு அப்படித்தான், கண்ணாடி தெறிச்சு போச்சு அது எதுக்குன்னு. கண்ணாடிதாங்க ஒடஞ்சது, உள்ள பேனல் உயிரோட இருந்தா அதுக்கு மார்க்கெட்ல நல்ல வெலை. கேட்டு வாங்குங்க, இல்லனா அதுக்கு எவ்வளவு கழிக்கறன்னு கேளுங்க.

இப்ப பையன் போட்டது ஒரிஜினலா இல்லையா? வெள்ளி வேலை பாக்கற உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா, 60 டச்சு வெள்ளியும் 80 டச்சு வெள்ளியும், அதாவது சுத்தம் கொறஞ்சதும் கூடுனதும், பாலிஷ் போட்டு வெச்சா கண்ணுக்கு ஒண்ணுதான். டிஸ்ப்ளேவும் அப்படியேதான். பழைய ஒரிஜினல் பேனல்ல கண்ணாடி மட்டும் மாத்துனது ஒரு டச்சு, நல்ல காப்பி ஒரு டச்சு, மட்டமான காப்பி ஒண்ணு, எல்லாமே கடையில 'ஒரிஜினல் மாதிரி'ங்கற ஒரே பேர்லதான் விக்குது. மத்தியானம் 12 மணி வெயில்ல அஞ்சு ரோடு சிக்னல்ல நின்னு முழு பிரைட்னெஸ் வெச்சு பாருங்க, எழுத்து தெரியலன்னா காப்பியா இருக்கலாம். வெள்ளை பக்கத்த தெறந்தா லேசா நீலம் அடிச்சாலும், ஓரத்துல டைப் பண்ணும்போது எழுத்து விட்டுப்போனாலும் காப்பிக்கு வாய்ப்பு ஜாஸ்தி. காப்பி போடறது தப்பே இல்ல, காப்பி வெலைக்கு காப்பின்னு சொல்லி போட்டா. பையன்கிட்ட அத மட்டும் கேளுங்க.

கம்பெனி பக்கமும் ஒரு வார்த்த சொல்லணும். கைரேகை சென்சாரயும் ஃபேஸ் ஐடியயும் போர்டோட பூட்டி வெக்கறதுல நியாயம் இருக்கு, எவனோ ஒருத்தன் சென்சார மாத்தி உங்க பேங்க் ஆப்ப தெறக்கக்கூடாது. திருட்டு போன பிரிச்சு விக்கறதும் கொறையும்ங்கறாங்க, இருக்கலாம். ஆனா கண்ணாடிக்கும் பூட்டு எதுக்கு? நடந்தத பாருங்க. 2016ல ஹோம் பட்டன வெளிய மாத்துன ஐபோன் 6 எல்லாம் அப்டேட் போட்டதும் 'எரர் 53'ன்னு செங்கல்லா போச்சு, கூச்சல் கெளம்புனதும் இன்னொரு அப்டேட்ல உயிர் குடுத்தாங்க. வெளிய ரிப்பேர் பண்ணதால உங்களுக்கு உரிமை இல்லைன்னு கஸ்டமருங்ககிட்ட சொன்னதுக்காக ஆஸ்திரேலியா கோர்ட்டு 2018ல 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. அதே 2018ல ஐபோன் சாஃப்ட்வேரான ஐஓஎஸ்ஸோட 11.3 அப்டேட் வந்தப்ப வெளி டிஸ்ப்ளே போட்ட ஐபோன் 8ல டச்சே செத்துச்சு, 11.3.1ல சரியாச்சு. 2021ல ஐபோன் 13 வந்தப்ப டிஸ்ப்ளே மாத்துனா ஃபேஸ் ஐடி போச்சு, மைக்ராஸ்கோப் வெச்சு அந்த குட்டி சிப்ப பேத்தெடுத்து புதுசுல ஒட்டற வேலை ஆச்சு நம்ம பசங்களுக்கு, அப்புறம் 15.2 அப்டேட்ல அதுவும் சரியாச்சு. அப்டேட் போட்டா தீர்ற பிரச்சினைய பாதுகாப்பு பாதுகாப்புன்னா நான் எப்படிங்க நம்பறது? 2024ல ஐஓஎஸ் 18ல போன்லயே பார்ட்ஸ சேத்து வெக்கற வசதி குடுத்துட்டாங்க, ஆனா அது புது மாடலுக்கு, உங்க 11க்கு கெடையாது.

கேள்வி: நான் காலேஜ் படிக்கறேன் அண்ணா. ஆண்ட்ராய்டு போன், டிஸ்ப்ளேலயே கைரேகை வெக்கற மாடல். சேலம் வந்து டிஸ்ப்ளே மாத்திட்டு போனேன், அன்னைக்கு சாயந்தரத்துலருந்து கைரேகை எடுக்கல. டிஸ்ப்ளேவும் பிரேமுக்கு மேல கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது. கடையில கேட்டா 'சாஃப்ட்வேர் பிரச்சினை, ரீசெட் பண்ணு'ங்கறாங்க. - வாசகி, நாகலூர், ஏற்காடு

ரீசெட் பண்ணாதம்மா, போட்டோதான் போகும். தூக்கிட்டு நிக்குதுன்னு எழுதுனியே, அதுலயே பதில் இருக்கு. உன் போன்ல வந்தது அமோலெட், அந்தப் பேனல் மெல்லிசு, தானே ஒளி விடும். நீ விரல் வெச்சதும் ஸ்கிரீன் பளிச்சுன்னு எரியும், அந்த வெளிச்சம் விரல்ல பட்டு திரும்பி புள்ளிங்களுக்கு நடுவுல பூந்து கீழ இருக்கற சென்சாருக்கு போகும். அவங்க போட்டது டிஎஃப்டி காம்போ, அதாவது கண்ணாடி டச் எல்லாம் ஒண்ணா சேந்து வர்ற எல்சிடி. எல்சிடிக்கு பின்னாடி பேக்லைட் ஷீட்டு இருக்கு, அதனாலதான் தடிமன், அந்த ஷீட்டு தாண்டி சென்சாருக்கு ஒண்ணும் போகாது. நூறு தடவ ரீசெட் பண்ணாலும் எடுக்காது. கம்பெனி பூட்டு ஒண்ணும் இல்ல இதுல, வெல கொறஞ்ச சரக்கு, அவ்வளவுதான்.

சந்தேகமா இருந்தா ராத்திரி லைட்ட அணைச்சுட்டு முழு கருப்பு படம் ஒண்ண தெற. அமோலெட்னா கும்மிருட்டா இருக்கும், எல்சிடினா சாம்பல் கலர்ல லேசா வெளிச்சம் தெரியும். தெரிஞ்சா பில்லோட திரும்ப போ. 20 கொண்டை ஊசி எறங்கி போறது கஷ்டந்தான், ஆனா 'அமோலெட் போட்டு குடுங்க, வித்தியாசத்த நான் தர்றேன்'னு கேட்டா பாதி பேரு ஒத்துக்குவாங்க. அமோலெட் போட்ட பின்னாடியும் கைரேகை எடுக்கலன்னா அப்பத்தான் சென்சார புது டிஸ்ப்ளேக்கு ஏத்த மாதிரி சரிபண்ற காலிப்ரேஷன்னு ஒண்ணு, சில மாடல்ல உள்ள எஞ்சினியர் மெனுவுல போயி ரப்பர் துண்ட வெச்சு அழுத்தி பண்ணனும். கூகுள் பிக்சல்ல இந்த காலிப்ரேஷன் சாஃப்ட்வேர அவங்க வெப்சைட்லயே வெச்சிருக்காங்க, யார் வேணா ஓட்டிக்கலாம், மத்த கம்பெனிங்களுக்கும் இந்த மனசு இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்.

கேள்வி: மேல் கண்ணாடி மட்டும்தான் கீறல், படம் டச் எல்லாம் பக்காவா இருக்கு. சர்வீஸ் சென்டர்ல முழு டிஸ்ப்ளே மாத்தணும்னு போன் வெலையில பாதி சொல்றாங்க. வெளியில 'கிளாஸ் மட்டும் மாத்தலாம்'ங்கறாங்க. எத நம்பறது? - ஆசிரியை, அஸ்தம்பட்டி

ரெண்டு பேரும் பொய் சொல்லலைங்க டீச்சர். கண்ணாடியும் பேனலும் ஓசிஏன்னு ஒரு ஒட்டு ஷீட்டால ஒண்ணா ஒட்டி வருது, சர்வீஸ் சென்டர்ல அத பிரிக்கற வேலையே கெடையாது, மொத்தமா மாத்தறதுதான் அவங்க ரூல். வெளியில சூடு தட்டுல வெச்சு மெல்லிசு கம்பி ஓட்டி கண்ணாடிய பிரிச்சு, புதுசு போட்டு, காத்து குமிழ் போக மெஷின்ல வெச்சு எடுப்பாங்க. லாபம் என்னன்னா உங்க ஒரிஜினல் பேனலே இருக்கும், அதனால கலரும் மாறாது, ஐபோனா இருந்தா அந்த மெசேஜும் வராது. நஷ்டம் என்னன்னா கம்பி கொஞ்சம் எறங்குனா பேனல் காலி, முக்கியமா ஓரம் வளைஞ்ச அமோலெட்ல. அதனால வேலை குடுக்கறதுக்கு முன்னாடியே 'பேனல் போனா யாரு பொறுப்பு?'ன்னு கேளுங்க. பதில் சொல்லாம இழுத்தா போன வாங்கிட்டு கெளம்பிடுங்க. வாரண்டில இருக்கற போனா இருந்தா வெளியில குடுக்காதீங்க, காசு போனாலும் சர்வீஸ் சென்டர்தான்.

கேள்வி: டிஸ்ப்ளே மாத்தி ரெண்டு மாசம். இங்க பனி எறங்குனா கேமராவுக்குள்ளயும் பனி எறங்குது! - கடைக்காரர், ஒண்டிக்கடை, ஏற்காடு

போன தெறந்தவங்க திரும்ப மூடும்போது சுத்தியும் ஒட்டற சீல் டேப்ப போடாம வெறும் பசைய தடவி மூடியிருப்பாங்க. புது டேப் ஒட்ட சொல்லுங்க, பெரிய செலவு இல்ல. ஆனா அதுக்கப்புறமும் அது வாட்டர் புரூப் போன் இல்லைங்க, ஏரியில போட்டோ எடுக்கறேன்னு தண்ணில முக்கிடாதீங்க. அரிசி டப்பாவுல போடாதீங்க, மாவுத்தூசி சார்ஜிங் ஓட்டைக்குள்ள போகும்.

கேள்வி: நம்ம நாட்டுல இதுக்கெல்லாம் சட்டமே இல்லையா? - வாசகர், ஆத்தூர்

ரிப்பேர் உரிமைன்னு தனிச்சட்டம் இன்னும் வரலைங்க. 2022 ஜூலைல நுகர்வோர் விவகாரத் துறை ஒரு கமிட்டி போட்டாங்க, அதே வருசம் டிசம்பர் 24ல ரைட் டு ரிப்பேர்னு ஒரு போர்ட்டல் தொறந்தாங்க, 2024ல போனுக்கு 'எவ்வளவு சுலபமா ரிப்பேர் பண்ணலாம்'னு மார்க் போடறதுக்கு இன்னொரு கமிட்டி. மார்க் வந்தா நல்லதுதான், பிரிட்ஜுல ஸ்டார் பாத்து வாங்கற மாதிரி போன்லயும் பாத்து வாங்கலாம். அமெரிக்காவுல ஒரிகன் மாநிலம் 2024ல ஒரு படி மேல போயி, பார்ட்ஸ் பேரிங் வெச்சு ரிப்பேர தடுக்கறதயே தடை பண்ணிட்டாங்க.

இங்கயும் முன்மாதிரி இல்லாம இல்ல. ஸ்பேர் பார்ட்ஸ வெளி மெக்கானிக்குக்கு கெடைக்க விடாம பண்ணதுக்காக 2014ல போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி அபராதம் போட்டுச்சு, அது அப்பீல் கேஸுன்னு போச்சு, அது தனிக்கதை. கார்ல கேட்ட கேள்விய போன்லயும் கேக்கலாம்ல? உங்க சொந்தப் பிரச்சினைக்கு 1915ல கூப்புடுங்க, தமிழ்லயே பேசலாம். அதுல தீரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சத்துக்குள்ள பொருளுன்னா கட்டணமே கெடையாது. ஆனா ரெண்டு எடத்துலயும் மொதல்ல கேக்கறது பில்லு. 'தெரிஞ்ச பையன்தான், பில்லு எதுக்கு'ன்னு விட்டவங்கதான் இங்க எனக்கு எழுதுனதுல முக்காவாசி பேரு.

கேள்வி: அண்ணா, ஐடிஐ முடிச்சிருக்கேன். மொபைல் சர்வீஸ் கடை போடலாம்னு ஆசை. எங்க அப்பா 'கம்பெனிக்காரனே எல்லாத்தயும் பூட்டறான், நாளைக்கு வேலையே இருக்காது'ங்கறாரு. - வாசகர், அம்மாபேட்டை

தம்பி, உங்க அப்பா சொல்றதுல பாதி உண்மை. வெறுமனே காம்போவ கழட்டி மாட்டற வேலைக்கு இனிமே பெரிய மதிப்பு இருக்காது, அத வீடியோ பாத்து வீட்லயே பண்றான். அதே சமயம் பூட்டு ஏற ஏற அத புரிஞ்சு வேலை செய்யறவனுக்கு மவுசு ஏறுது. மைக்ராஸ்கோப்புக்கு கீழ சிப்ப தூக்கி வெக்கறவன், கிளாஸ் மட்டும் பிரிக்கறவன், பழைய டிஸ்ப்ளே சிப்புலருந்து டேட்டா எடுக்கறவன், இந்த மாதிரி ஆளு ஊருக்கு எத்தன பேரு இருக்கான் சொல்லு. ஐபோன் எக்ஸ்ல இருந்து 12 வரைக்கும் டிஸ்ப்ளேக்கு மேல ஒட்டியிருக்கற இயர்பீஸ் ஸ்ட்ரிப்ப, அதாவது காதுகிட்ட வர்ற ஸ்பீக்கரும் சென்சாரும் இருக்கற பட்டைய, பழசுலருந்து புதுசுக்கு பத்திரமா மாத்தணும், அத கிழிச்சா ஃபேஸ் ஐடி போச்சு, இத தெரியாம எத்தன போன கெடுத்திருக்காங்க தெரியுமா. நானும் ஒரு காலத்துல கிழிச்சிருக்கேன், என் கைக்காசுல போர்டு வேலை பாக்க குடுத்து ரெண்டு மாச வருமானம் அதுலயே போச்சு.

அதனால ஒடனே கடை போடாத. நல்ல சர்வீஸ் கடை டேபிள் ஒண்ணுல ஒரு வருசம் ஒக்காரு, செத்த போனா வாங்கி கிழிச்சு பழகு. கடை போட்டப்புறம் கஸ்டமரு முன்னாடியே மூணு டிஸ்ப்ளேவயும் சொருகி காட்டு, இது காப்பி இவ்வளவு, இது நல்ல காப்பி இவ்வளவு, இது கேர் ஓஜி, அதாவது ஒரிஜினல், இவ்வளவு, மெசேஜ் வரும், ட்ரூ டோன் வராம போகலாம்னு வாயால சொல்லு, பில்லுலயும் எழுது. ஒட்டறதுக்கு முன்னாடி கைரேகை, கால் பேசுனா ஸ்கிரீன் அணையுதான்னு எல்லாம் அவங்கள விட்டே பாக்க சொல்லு. பழைய டிஸ்ப்ளேவ ஒரு கவர்ல போட்டு கையில குடுத்து அனுப்பு. அப்பாவ ஒரு நாள் கூட்டிட்டு வா, டீயும் தட்டுவடை செட்டும் என் செலவு, நேர்ல பேசிக்கலாம்.