பன்னிரண்டு கோழி, நாளுக்கு இரண்டு முட்டை: குறை கோழியிலா, தீனியிலா?

கேள்வி: எங்களுடையது காட்பாடி வட்டத்தில் பொன்னைக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டுக்குப் பின்னால் மாமரமும் தென்னையுமாகப் பத்து சென்ட் இடம். 12 நாட்டுப் பெட்டைகளும் 2 சேவல்களும் வைத்திருக்கிறேன். காலையில் நொய்யும் தவிடும், மாலையில் மிஞ்சிய சோறு, மற்றபடி மேய்ச்சல்தான். நாளுக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று முட்டை கிடைக்கிறது. பங்குனி பிறந்ததிலிருந்து ஓடு காகிதம் மாதிரி இருக்கிறது. கோழிகளே கொத்திக் குடித்துவிடுகின்றன. இப்போது நான்கு பெட்டைகள் ஒரே நேரத்தில் அடைக்கு உட்கார்ந்துவிட்டன. இவற்றை விற்றுவிட்டு, வண்டியில் கொண்டுவருகிறவரிடம் மலிவாகக் கிடைக்கும் பண்ணை முட்டைக்கோழி வாங்கலாமா? நன்றாக முட்டையிடும் கோழியைப் பார்த்து எடுப்பது எப்படி?

பதில்: அம்மா, வண்டிக்காரரிடம் வாங்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கோழிகளின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

நாட்டுப் பெட்டை ஒன்று, நம் ஊரில் வளர்க்கிற முறையில், ஆண்டுக்கு 50 முதல் 70 முட்டை இடும். 12 கோழிக்கு 60 வீதம் போட்டால் 720, அதாவது நாளுக்கு இரண்டு. ஆக உங்கள் கோழிகள் குறைவாக இடவில்லை, அவற்றின் வழக்கப்படிதான் இடுகின்றன. அந்த வழக்கத்தில் நாள்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். 15 முதல் 20 நாளில் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடுகிறது. பிறகு 21 நாள் அடை. அதற்குப் பிறகு இரண்டு, இரண்டரை மாதம் குஞ்சுகளோடு அலைகிறது. ஒரு சுற்று முடிய மூன்றரை மாதத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. முட்டை இடுவது அதில் மூன்று வாரம்கூட இல்லை.

அதனால் முதல் வேலை அடையை ஒழுங்குபடுத்துவது. உட்கார்ந்திருக்கும் நான்கில் இரண்டை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே நாள் மாலையில், ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாத, ஓடு கெட்டியான முட்டைகளாகப் பொறுக்கி, ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு வையுங்கள். 21-ஆம் நாள் பொரித்ததும், அன்றிரவு இருட்டில் எல்லாக் குஞ்சுகளையும் ஒரே தாயின் இறக்கைக்குக் கீழே தள்ளிவிடுங்கள். விடிந்தால் அது எண்ணிப் பார்க்காது. இன்னொரு தாய்க்கு இரண்டு மாத வேலை மிச்சம்.

மற்ற இரண்டுக்கும் அடையைத் தெளிவிக்க வேண்டும். மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் கோழிக்கு வேதனை, பலன் குறைவு. அடிப்பக்கம் கம்பி வலையாக உள்ள ஒரு கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வெளிச்சமும் காற்றும் படும் நிழலில் வைத்து, அதற்குள் மூன்று நான்கு நாள் விடுங்கள். வைக்கோல், சாக்கு எதுவும் போடக்கூடாது. தீனியும் தண்ணீரும் வழக்கம்போலத் தரலாம். வயிற்றுக்குக் கீழே காற்று பட்டுச் சூடு தணிந்தால் அடை தெளியும். வெளியே விட்டதும் நேராகப் பழைய கூட்டுக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் அடையுங்கள். உட்கார்ந்த முதல் நாளே பிடித்துப் போட்டால் சீக்கிரம் தெளியும். பத்து நாள் உட்கார்ந்ததைத் தெளிவிப்பது இழுபறி. தெளிந்த கோழி இரண்டு வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும். இதை விடாமல் செய்தால், இறகு உதிர்க்கும் காலத்தையும் கத்திரி வெயிலையும் கழித்துவிட்டால்கூட, அதே நாட்டுக்கோழியிடம் ஆண்டுக்கு 90 முட்டை வரை எடுக்கலாம். தீனி சரியாக இருந்தால்தான்.

உங்கள் வீட்டில் கோளாறே அந்தத் தீனியில்தான் இருக்கிறது. நொய், தவிடு, சோறு மூன்றும் மாவுச்சத்து. முட்டைக்குப் புரதம் வேண்டும், ஓட்டுக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீனியில் இல்லையென்றால் கோழி தன் எலும்பைக் கரைத்துத் தரும். அதுவும் தீர்ந்ததும் ஓடு மெலியும், பிறகு ஓடே இல்லாத தோல்முட்டை விழும், கடைசியில் முட்டையே நின்றுபோகும்.

ஒரு தடவைக்கு 10 கிலோ கலந்துகொள்ளுங்கள். மக்காச்சோளமும் கம்பும் உடைத்தது சேர்த்து 4.5 கிலோ, நொய் 1 கிலோ, தவிடு 1.2 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1.4 கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 900 கிராம், இடித்த கிளிஞ்சல் 800 கிராம், கோழிக்கான தாது உப்புக் கலவை 200 கிராம். இதோடு சமையல் உப்பு 30 கிராம். கருவாடு உப்புக் கருவாடாக இருந்தால் இந்த 30 கிராம் வேண்டாம். அதிலும் மேலே உப்புப் பூத்த கருவாட்டை வாங்கவே வேண்டாம், எச்சம் தண்ணீராகப் போகும். இந்தக் கலவையில் புரதம் 16 சதவீதத்தை ஒட்டி வரும். மேய்கிற கோழிக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் போதும். அடைத்து வைத்தால் 110 கிராம் வேண்டும். உங்கள் 14 கோழிக்கு நாளுக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும், அதனால் மாதம் இரண்டு தடவையாகவே கலந்துகொண்டால் தீனி பழசாகாமலும் இருக்கும்.

புண்ணாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையாத ஊர் இல்லை. அறுவடை முடிந்ததும் பூசணம் பிடித்த, சுருங்கிய கொட்டையை ‘கோழிக்காவது ஆகட்டும்’ என்று போடுவது வழக்கம். அதைச் செய்யாதீர்கள். கடலையில் வளரும் பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் நஞ்சு நேராக ஈரலைத் தாக்கும். கோழி செத்துவிழாது. மெல்ல இளைக்கும், முட்டை குறையும், போட்ட தடுப்பூசியும் சரியாக வேலை செய்யாது. அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளிறி மஞ்சளாக வீங்கியிருக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. புண்ணாக்கை உடைத்தால் உள்ளே பச்சையோ சாம்பலோ பொடி தெரிந்தாலும், ஊசின வாடை வந்தாலும் அதை எருக்குழியில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்கிற அளவு வாங்க வேண்டாம்.

கிளிஞ்சலைத் தீனியில் கலப்பது போதாது. தனியாக ஒரு மண் சட்டியிலும் வையுங்கள், அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு. ஒரு முட்டை உருவாக 25 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது, பெரும்பகுதி இரவில். மாலையில் இரைப்பையில் கிளிஞ்சல் துண்டு இருந்தால் இரவு முழுக்க மெல்லக் கரைந்து ஓட்டுக்குப் போகும். மாவாக இடித்தது சீக்கிரம் கடந்துவிடும், அதனால் உளுந்து அளவுத் துண்டுகளாக இருக்கட்டும். வெற்றிலைச் சுண்ணாம்பை வைக்காதீர்கள், வாயும் இரைப்பையும் வெந்துபோகும். முட்டை ஓட்டைத் திருப்பிப் போடுவதானால் நன்றாகக் காயவைத்து, வறுத்து, அடையாளம் தெரியாமல் நொறுக்கிப் போடுங்கள். முழு ஓடாக வீசினால் முட்டை குடிக்க நீங்களே பழக்குகிறீர்கள்.

பங்குனியில் ஓடு மெலிவதற்கு இன்னொரு காரணம் வெயில். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூருக்குப் புதிதல்ல. கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் போய்விடுவதால், ஓடு கட்டத் தேவையான கார்பனேட் இரத்தத்தில் குறைகிறது. சூட்டில் தீனியும் எடுக்காது. ஆகவே தீனியைக் காலை ஆறு மணிக்குள் ஒரு பங்கு, மாலை ஐந்துக்கு மேல் ஒரு பங்கு என்று கொடுங்கள். மதியம் போடுவது வீண். மாமர நிழலில் இரண்டு மூன்று இடத்தில் வாயகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்து, மதியம் ஒருமுறை மாற்றுங்கள். கூட்டுக்குத் தகரமோ கல்நார் ஓடோ போட்டிருந்தால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள்.

முட்டை குடிக்கும் பழக்கம் பெரும்பாலும் தோல்முட்டை உடைவதில்தான் தொடங்குகிறது. ஓடு கெட்டியானால் பாதி அடங்கும். மீதிக்கு: நான்கைந்து கோழிக்கு ஒன்றாக, ஓரடிக்கு ஓரடி முட்டைப் பெட்டி, சற்று இருட்டான மூலையில். வைக்கோல் நான்கு விரல் கனம். முட்டையைக் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் எடுத்துவிடுங்கள். பெட்டியில் வழவழப்பான வெள்ளைக் கூழாங்கல் ஒன்றைப் போட்டு வைத்தால், கொத்திப் பார்த்து அலகு வலித்து விட்டுவிடும். விடாத ஒன்றிரண்டு இருக்கும். அலகு ஓரத்தில் மஞ்சள் கரு காய்ந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்துக் குழம்புக்கு அனுப்ப வேண்டியதுதான்.

கூட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒன்று. உட்காரும் கழி முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி பெட்டியிலேயே தூங்கி எச்சமிட்டு முட்டையை நாறடிக்கும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி, அரை அங்குல வலை, தரையிலிருந்து இரண்டடி உயரம். அகலக் கண் வலையில் கீரிப்பிள்ளை நுழையும். மூங்கில் இடுக்குகளை இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணில் படாத செள்ளு அப்போதுதான் கோழி மேல் ஏறும். சாம்பலும் மணலும் கலந்து ஒரு மூலையில் குழி வைத்தால் கோழி தானே புரண்டு பேனை உதிர்க்கும்.

இனி, வாங்குவது. பண்ணைகளில் லேயர் என்னும் வெள்ளை முட்டைக்கோழியை ஏறக்குறைய 72 வாரம் வரை வைத்திருந்து, முட்டை குறைந்ததும் கழித்துவிடுவார்கள். வண்டியில் மலிவாக வருவது பெரும்பாலும் அந்தக் கழிவுக் கோழிதான். அலகைப் பாருங்கள், நுனி வெட்டி மழுங்கியிருக்கும். பிட்டத்திலும் கழுத்திலும் கம்பியில் உரசி இறகு போயிருக்கும். கூண்டிலேயே இருந்ததற்கு மேயத் தெரியாது, பருந்து வந்தால் ஒளியவும் தெரியாது.

முட்டைதான் வேண்டுமென்றால் ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா நல்லது. புறக்கடையில் கூடுதல் தீனி கொடுத்தால் ஆண்டுக்கு 160 முதல் 180 பழுப்பு முட்டை. ஏறக்குறைய ஐந்தரை மாதத்தில் முட்டைக்கு வரும், அடைக்கு அதிகம் உட்காராது. அதே இயக்குநரகத்தின் வனராஜா கனமான கோழி. கறிக்கும் முட்டைக்குமாக இரண்டுக்கும் வைப்பது, நாய் துரத்தினால் ஓட்டம் குறைவு. சண்டைச்சேவல் இனத்துப் பெட்டை முட்டைக்கு ஆகாது, அடைக்கு ராணி. கிராமப்பிரியா முட்டையை அடை வைத்துக் குஞ்சு எடுத்தால் தாயைப் போல இடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது கலப்பு, அடுத்த தலைமுறையில் குணம் சிதறும்.

கோழியைக் கையில் பிடித்துப் பார்க்கும் முறை இது. கொண்டை சிவந்து, தொட்டால் வெதுவெதுப்பாக, மெத்தென்று இருக்க வேண்டும். கோழியைத் தலைகீழாக்காமல் கக்கத்தில் அணைத்துக்கொண்டு, பிட்டத்துக்குக் கீழே இருபுறமும் துருத்தும் இரண்டு எலும்பு நுனிகளுக்கு நடுவில் விரலை வையுங்கள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையிடுகிறது. ஒரு விரலே இறுகினால் இடவில்லை. அந்த எலும்புக்கும் நெஞ்செலும்பு நுனிக்கும் நடுவே மூன்று நான்கு விரல் இடம், வயிறு தோய்த்த துணி மாதிரி தளர்வாக இருக்கும். எச்சத்துவாரம் அகன்று ஈரமாக இருந்தால் சரி. சின்ன வட்டமாக, காய்ந்து, சுருங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். கால் செதில் சொரசொரத்துத் தூக்கியிருந்தால் கிழடு. உங்கள் 12 கோழியையும் இன்றிரவு இதே மாதிரி பார்த்துவிடுங்கள். மூன்று நான்கு சும்மா தின்று கொண்டிருப்பது தெரியவரும், விற்பதானால் அவற்றை விற்கலாம்.

பொய்கைச் சந்தையிலோ வேறெங்கோ வாங்கினாலும், வீட்டுக் கோழிகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் புதுக்கோழியோடுதான் பெரும்பாலும் வீட்டுக்குள் வருகிறது. இதை ராணிகெட் என்பதால் நம் ராணிப்பேட்டை நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பெயர் வந்தது வடக்கே குமாவுன் மலையிலுள்ள ராணிகேத் ஊரிலிருந்து. ராணிப்பேட்டையில் இருப்பது அதற்குத் தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிறுவனம். வந்த பிறகு மருந்து கிடையாது. குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு தடுப்பு மருந்து, 28-ஆம் நாள் லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, 8-ஆம் வாரம் இறக்கைத் தோலுக்குக் கீழே ஆர்.டி.வி.கே. என்னும் தடுப்பூசி அரை மில்லி, 16 முதல் 18 வாரத்துக்குள் மறுபடி ஒன்று. முட்டையிட ஆரம்பித்த பிறகு ஆர்.டி.வி.கே. போட்டால் சில நாள் முட்டை இறங்கும், அதனால்தான் முன்கூட்டியே போடுவது. குப்பி நூறு கோழிக்கானது, கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். தெருவில் எல்லோரும் சேர்ந்து ஒரே காலையில் போட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவராத மருந்து ஊசியில் ஏறும், வேலை செய்யாது. கால்நடை மருந்தகம் மூலம் ஆண்டுதோறும் நடக்கும் இருவார முகாம் எப்போது என்று உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் குஞ்சு எடுப்பதானால் கத்திரி கழிந்து, ஆடி வாக்கில் நான்கு வாரக் குஞ்சாக எட்டு எடுங்கள். மார்கழி வாக்கில் முட்டைக்கு வந்துவிடும். இருக்கிற நாட்டுப் பெட்டையில் நல்ல அடைக்காரி இரண்டை நிறுத்திக்கொள்ளுங்கள். சேவல் ஒன்று போதும். அதுவும் குஞ்சுக்குத்தான், முட்டைக்குச் சேவலே தேவையில்லை.