கேள்வி – பதில்: விலையா, தராசா?

கேள்வி: அரசாங்கம் தன் கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அப்படிச் சுருக்கிக்கொண்டால் எங்களைப் போன்ற சிறு விவசாயிகளை வியாபாரிகள் விழுங்கிவிட மாட்டார்களா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: உங்கள் அச்சம் வீணானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசாங்கம் கை நீட்டிய இடங்கள் எவை, நீட்டாமல் விட்ட இடம் எது என்று சற்று நினைத்துப் பாருங்கள். 2021 மே மாதத்தில் இலங்கையில் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. விதைப்பவரின் சொல்லைக் கேளாமல் கொழும்பில் எடுக்கப்பட்ட அந்த முடிவு நவம்பரில் கைவிடப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளித்து நின்ற கோலத்தை நீங்கள் என்னைவிட அருகில் நின்று பார்த்திருப்பீர்கள். கட்டுப்பாட்டு விலையின் கதையும் இதற்குத் தூரமானதல்ல. 2024 டிசம்பரில் ஒரு கிலோ நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை 230 ரூபா என்று அறிவித்தார்கள். அந்த விலைக்கு நாட்டரிசி தேடிக் கடை கடையாக அலைந்தவர்களுக்கு விலைப்பட்டியல் சோறாகவில்லை.

இனி, கை நீளாத இடம். அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கிய ஈர நெல்லை வயற்கரையிலேயே விற்கும்போது, மூட்டைக்கு ஒரு கிலோவையோ இரண்டு கிலோவையோ 'கழிவு' என்று வியாபாரி கழித்துக்கொள்கிறார். ஈரப்பதன் அளக்கும் கருவி எதுவும் அங்கே இருப்பதில்லை. நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பதுதான் பரிசோதனை. தராசும் அவருடையதே. வானம் இருண்டுகொண்டு வர, காயப்போடக் களமும் இல்லாத விவசாயி அந்த நேரத்தில் என்ன பேரம் பேசுவார்? அந்தத் தராசில் அரச முத்திரை இருக்கிறதா என்று பார்க்க ஓர் அலுவலர் வரம்பேறி வந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. விலையை விட்டுவிட்டு நிறுவையைப் பிடியுங்கள் என்பதே என் கட்சி. வாங்குபவர்கள் நாலு பேர் போட்டியிட்டு வந்து, நிறுவையும் நேராக இருந்தால், வியாபாரி விழுங்க நினைத்தாலும் அவ்வளவு இலகுவில் முடியாது.

கேள்வி: வீட்டில் இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். இதற்கும் பரிசோதனை, அனுமதிப்பத்திரம் என்கிறார்கள். இது என் தொழில் சுதந்திரத்தில் தலையிடுவது ஆகாதா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து உங்கள் கிணற்றையும் அடுப்படியையும் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, தங்கச்சி. கடையில் பிட்டு வாங்கித் தின்பவர் உங்கள் குசினிக்குள் வந்து பார்க்க முடியாது. அவருக்காக ஒருவர் பார்க்கிறார், அவ்வளவுதான். பார்த்து முடித்த பிறகும் அதே விபரத்தை இன்னொரு மேசையில், இன்னொரு படிவத்தில், இன்னொரு நாளில் கேட்டால் அதைத் தயங்காமல் எதிர்த்துக் கேளுங்கள், ஏனெனில் நீங்கள் அலுவலகத்தில் காத்திருக்கும் காலையில் உங்கள் அடுப்பு எரியாது.

சட்டமான எந்தத் தொழிலிலும் வியாபாரத்திலும் ஈடுபடும் சுதந்திரத்தை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் தருகிறது. சந்தோஷப்பட்டு அத்துடன் பக்கத்தை மூடிவிடாதீர்கள். அடுத்த உறுப்புரை, தேசிய பொருளாதாரத்தின் பெயரால் அதனைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்பதோடு, பிரசைகளை முற்றாக விலக்கிவைத்து அரசே ஒரு வியாபாரத்தை நடத்தவும் இடமளிக்கிறது. திறந்த பொருளாதாரம் என்று முழங்கிய காலத்தில் எழுதப்பட்ட வாசகம் இது!

கேள்வி: தனிமனித சுதந்திரம் பேசும் நீங்கள், தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை, அதாவது ஒற்றை நைலோன் இழையால் பின்னிய வலையை, வாவியில் போடுவதையும் மீனவரின் சுதந்திரம் என்பீர்களா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: என்னை மடக்கிவிட்டதாக நினைக்கிறீர்கள், இல்லை. சொந்த வளவில் ஒருவர் எதை நட்டாலும் எனக்குக் கவலையில்லை, வாவியோ எவருடைய வளவும் அல்ல. தங்கூசி உக்காது. அறுந்து அடியில் போய்க் கிடந்தாலும் ஆளில்லாமலே மீனைச் சிக்கவைத்துக்கொண்டிருக்கும். அந்த மீன் போட்டவர் கைக்கும் வராது, பக்கத்துத் தோணிக்காரர் கைக்கும் வராது. ஆகவே இந்தத் தடைக்கு நான் முழு ஆதரவு. ஆனால் விடியற்காலையில் தோணியை மறித்து வலையைப் பறிப்பதற்கு முன், அந்த வலை எந்தக் கடை வாசலால் வெளியே வந்தது என்பதையும் யாராவது விசாரிக்கட்டும்.