மணல்மேட்டில் வழி தவறினால்: கேள்வி பதில்

கேள்வி: நண்பர்களோடுதான் நடந்துகொண்டிருந்தேன். போட்டோ எடுக்க ஒரு மேட்டைச் சுற்றிப் போய் வருவதற்குள் ஒருவரையும் காணோம். எப்படி?

பதில்: இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கிவிட்டால் ஐம்பதடி தள்ளி நிற்பவர்கூடக் கண்ணில் படமாட்டார். கூப்பிடும் குரலைக் காற்று கொண்டுபோய்விடும். கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும். மும்மூன்றாக ஊதினால் ஆபத்து என்று பல நாடுகளில் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: வந்த காலடித்தடத்தைப் பிடித்தே திரும்பலாமே?

பதில்: காற்றில்லாத காலையில் திரும்பலாம். காற்று எழுந்தால் முகட்டில் உள்ள தடம்தான் முதலில் அழியும். வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு தடத்துக்குள்ளும் பிறை மாதிரி ஒரு நிழல் தெரியும். சூரியன் இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து தேடுங்கள். உச்சிவெயிலில் அதே தடம் மணலோடு மணலாகிவிடும்.

கேள்வி: நேராக நடந்துகொண்டே இருந்தால் எங்காவது போய்ச் சேரமாட்டோமா?

பதில்: நேராகப் போகிறோம் என்று நாம்தான் நினைத்துக்கொள்வோம். யான் சௌமன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஜெர்மனியில் ஒரு காட்டிலும் துனிசியாவில் சஹாராவிலும் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். சூரியனோ நிலாவோ தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனவர்கள், அது மறைந்ததும் வளைந்து வளைந்து போனார்கள். சிலர் தாங்கள் வந்த பாதையையே தெரியாமல் குறுக்கே கடந்தார்கள்! 1994-ல் மொராக்கோவில் நடந்த ஓட்டப்பந்தயத்தில் மணற்புயலில் திசை தவறிய மௌரோ ப்ரோஸ்பெரி என்ற இத்தாலியர், பல நாள் கழித்து அல்ஜீரியாவில் போய்ச் சேர்ந்தார். அதனால் தவறிவிட்டது என்று தோன்றியதுமே நின்றுவிடுங்கள்.

கேள்வி: உயரமான மேட்டில் ஏறிப் பார்க்கலாமா?

பதில்: பக்கத்தில் உள்ளதில் ஒருமுறை ஏறலாம். காற்று வரும் பக்கமாக ஏறுங்கள், அங்கே சாய்வும் குறைவு, மணலும் இறுகியிருக்கும். மறுபக்கச் சரிவு 30 முதல் 34 டிகிரி வரை இருக்கும். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும், வியர்வைதான் மிச்சம்.

கேள்வி: செல்போனில் சிக்னல் இல்லை.

பதில்: ஜிபிஎஸ்ஸுக்கு அது வேண்டாம். ஆனால் புறப்பட்ட இடத்தை முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: காணாமல் போனது நான் இல்லை, நண்பர் என்றால்?

பதில்: ஆளுக்கொரு திசையில் ஓடாதீர்கள். கடைசியாக அவரைப் பார்த்த இடத்துக்குப் பக்கத்து முகட்டில் ஒருவர் பளிச்சென்ற துணியோடு நிற்கட்டும். ஒருமுறை, தேடப் போன இருவரைத் தேடி இரவு பதினொரு மணி வரை நான் அலைந்தேன். முதலில் தொலைந்த ஆள் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தார்.