கரண்டியும் பழைய புடவைத் துணியும்

அன்புள்ள சார்,

வின்னிகாட் என்ற இங்கிலாந்து டாக்டரைப் பற்றிப் போன வாரம் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ‘போதுமான அளவுக்கு நல்ல அம்மா’ இருந்தால் பிள்ளைக்குப் போதும் என்று அவர் சொன்னதாக. முப்பத்தைந்து மார்க் வாங்கினால் பாஸ் என்பது போல இருக்கிறதே, எங்களைச் சமாதானப்படுத்தச் சொன்னதா? இன்னொன்று, நல்ல குழந்தை டாக்டர் ஏன் அந்த வேலையை விட்டுவிட்டு, ஆட்களைப் படுக்கவைத்துக் கதை கேட்கும் வேலைக்குப் போனார்? என் பெண்ணுக்கு மூன்று வயது. என் பழைய காட்டன் புடவையின் கிழிசல் ஒன்று கையில் இல்லாமல் தூங்கமாட்டாள். பிடுங்கி எறி, நாலு நாளில் மறந்துவிடுவாள் என்கிறார் மாமியார். இதற்கும் அவர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

ம.

அன்புள்ள ம.,

டொனால்ட் வின்னிகாட் எந்த வேலையையும் விடவில்லை. 1923-ல் அவருக்கு மூன்று காரியங்கள் சேர்ந்து நடந்தன. லண்டன் பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, நீங்கள் சொன்ன அந்தப் படுக்கவைத்துக் கதை கேட்கும் முறையை, அதாவது உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டின் எழுத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சியிடம் தானே ஒரு நோயாளியாகப் போய்ச் சேர்ந்தார். ஸ்ட்ரேச்சியிடம் பத்து வருடம். மருத்துவமனையில் நாற்பது. 1930-களின் நடுவில் உளப்பகுப்பாய்வாளர் என்ற தகுதி வாங்கிய பிறகும் ஓ.பி.யில் உட்கார்ந்து, வரிசையாக வரும் அம்மாக்களையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அந்த ஓ.பி.தான் அவரை இந்தப் பக்கம் தள்ளியது என்பது என் எண்ணம். அன்றைய பகுப்பாய்வாளர்கள் மனக்கோளாறுக்கெல்லாம் வேர் நாலைந்து வயதில் இருக்கிறது என்று நம்பினார்கள். இவர் முன்னால் கொண்டுவந்து கிடத்தப்பட்டதோ பால் குடிக்க மறுக்கும் கைக்குழந்தைகள். உடம்பில் குறை ஒன்றும் தெரியாது, ஆனால் அதற்குள் ஏதோ கோணலாகிவிட்டிருக்கும். எங்கோ கணக்குத் தப்புகிறதே என்று அவருக்குப் பட்டது. அதற்காக அவர், சின்னக் குழந்தைகளின் மனதை ஆராய்ந்த பகுப்பாய்வாளர் மெலனி க்ளைனிடம் கற்றுக்கொள்ளப் போனார், பிற்பாடு அந்த அம்மாவோடும் முழுசாக ஒத்துப்போகவில்லை, அது பெரிய கதை.

அவர் வைத்தியம் பார்த்த விதத்துக்கு ஒன்று சொல்கிறேன். நாக்கை அழுத்திப் பார்க்க டாக்டர்கள் வைத்திருப்பார்களே, அந்தக் காலத்துப் பளபளக்கும் உலோகக் கரண்டி. அதை மேஜை ஓரத்தில் வைத்துவிடுவார். எதிரே அம்மா மடியில் ஐந்து மாதத்திலிருந்து பதின்மூன்று மாதத்துக்குள் ஒரு பிள்ளை. யாரும் எதுவும் செய்யக் கூடாது. பிள்ளை கரண்டியைப் பார்த்துக் கை நீட்டும், சட்டென்று நிறுத்தி டாக்டர் முகத்தைப் பார்க்கும், அம்மா முகத்தைப் பார்க்கும், சில சமயம் அம்மா மார்பில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அப்புறம் வாயில் எச்சில் ஊறும், கரண்டி வாய்க்குப் போகும், மேஜையில் டமடமவென்று தட்டும், டாக்டருக்கே ஊட்டப் பார்க்கும். கடைசியில் கைதவறியதுபோலக் கீழே போடும், எடுத்துக் கொடுத்தால் இந்தத் தடவை வேண்டுமென்றே போடும். ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு மூச்சிரைப்பு இருந்தது. எடுக்கலாமா கூடாதா என்று தயங்கிய நேரத்தில்தான் இரைப்பு வந்தது, கரண்டியைக் கையில் எடுத்து வாயில் வைத்துக்கொண்டதும் நின்றது. 1941-ல் இதை விவரமாக எழுதினார். இதைப் பார்த்துப் பிடிக்க ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய டாக்டரின் கண் வேண்டும், அந்த இரைப்பை வெறும் நெஞ்சுக் கோளாறு என்று தள்ளாமலிருக்க இன்னொரு படிப்பும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன, அவ்வளவுதான்.

‘போதுமான’ விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நினைப்பது போல அது குறைந்த மார்க் இல்லை. பிறந்த புதிதில் அம்மா கிட்டத்தட்ட முழுக்கப் பிள்ளைக்கு வளைந்துகொடுக்கிறாள், பிள்ளைக்குத் தாங்கும் சக்தி வர வர அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறாள். கூப்பிட்ட குரலுக்கு உடனே ஓடியவள் ‘இரு, அடுப்பில் பால் இருக்கிறது’ என்கிறாள். அந்தத் தாமதம் இல்லையென்றால் தனக்கு வெளியே ஒரு உலகம் இருப்பதே பிள்ளைக்குத் தெரியவராது. எந்தக் குறையும் வைக்காத அம்மாவால் பிள்ளைக்கு இந்த உதவியைச் செய்ய முடியாது.

சமாதானப்படுத்தும் ஆளும் இல்லை அவர். அம்மாவுக்குத் தன் பிள்ளைமேல் வெறுப்பு வர என்னென்ன காரணங்கள் என்று 1940-களின் கடைசியில் பட்டியல் போட்டார், பதினெட்டு. கிளை ஒடிந்து தொட்டிலோடு பிள்ளை விழும் என்று அவர்கள் ஊரில் ஒரு தாலாட்டு உண்டு, அம்மாவின் வெறுப்பு அதில் இருக்கிறது, பிள்ளைக்கு நல்லகாலம் அர்த்தம் புரியாது என்றார். இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை, பட்டு எழுதினார். போர்க்காலத்தில் விடுதியிலிருந்து திரும்பத் திரும்ப ஓடிப்போன ஒன்பது வயதுப் பையனை அவரும் மனைவி ஆலிஸும் மூன்று மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். நரகம் என்று அவரே எழுதியிருக்கிறார். பையன் கட்டுக்கடங்காமல் போனால் தூக்கி வாசலுக்கு வெளியே நிறுத்துவார், கோபமோ திட்டோ இல்லாமல். வெளியே ஒரு மணி. அதை அடித்தால் கதவைத் திறப்பார், நடந்ததைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். ஆனால் வெளியே விடும் ஒவ்வொரு தடவையும், நீ செய்தது எனக்கு உன்மேல் வெறுப்பை உண்டாக்கியது என்று அவனிடம் சொல்லிவிடுவார். அடித்தாரா? இல்லை. அந்த வெறுப்பைத் தானும் அறியாமல், அவனுக்கும் சொல்லாமல் இருந்திருந்தால் அடித்திருப்பேன் என்கிறார்.

ஒரு குறை எனக்கு உண்டு. அவர் எழுத்தில் அப்பா பெரும்பாலும் வாசற்படியோடு சரி. இங்கிலாந்தின் பிளிமத் ஊரில் அவருடைய அப்பா வியாபாரி, நகர மேயராகவும் இருந்தவர். அவருக்கு வெளியே ஆயிரம் வேலை, வீடு நிறையப் பெண்கள். அந்த வீட்டுப் பிள்ளை அம்மாவைப் பற்றியே எழுதியதில் ஆச்சரியமில்லை, ஆனால் படிக்கிற அம்மாக்களின் தலையில் பாரம் முழுவதும் இறங்குகிறது. அதற்கு ஈடாக, அவர்களோடு அவர்கள் மொழியில் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1919-ல், மருத்துவ மாணவராக இருக்கும்போதே அக்கா வயலெட்டுக்கு ஃப்ராய்டை விளக்கி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். புரியாத இடம் இருந்தால் சொல், இதை நம் ஜனங்களுக்கு எளிமையாகச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று அதில் வருகிறது. 1943-லிருந்து பிபிசி வானொலியில் அம்மாக்களுக்காகப் பேசினாரே, அதற்கான ஒத்திகை அந்தக் கடிதம். 1971 ஜனவரியில் இறந்தார். சொந்தப் பிள்ளை கிடையாது.

சரி, புடவைத் துணி. 1951-ல் அவர் வாசித்த கட்டுரையே உங்கள் பெண்ணின் துணியைப் பற்றியதுதான் என்று சொல்லலாம். அது அம்மாவும் இல்லை, வெறும் துணியும் இல்லை. இரண்டுக்கும் நடுவே பிள்ளை தனக்கென்று பிடித்துவைத்திருக்கும் இடம். இதை நீயாகக் கற்பித்துக்கொண்டாயா, வெளியிலிருந்து வந்ததா என்று பிள்ளையிடம் யாரும் கேட்கக் கூடாது என்கிறார். பிடுங்கவே வேண்டாம். நாளாக ஆக அதன் அர்த்தம் தானாகத் தேய்ந்து எங்காவது ஒரு மூலையில் கிடக்கும், பிள்ளை அதைத் தேடி அழவும் மாட்டாள். அதுவரை நாற்றம் அடித்தாலும் துவைத்துவிடாதீர்கள், வாசனை மாறினால் அவளுக்கு அது வேறு துணி. மாமியாரிடம் டாக்டர் சொன்னார் என்று சொல்லிப் பாருங்கள். எந்த டாக்டர் என்று கேட்டால் பாடிங்டன் கிரீன் ஓ.பி. என்று சொல்லலாம், தப்பில்லை.