லேபிள் எழுத்தை வளைத்த பிறகும் அது பாட்டிலில் ஒட்டியதுபோல் தெரியவில்லையே, ஏன்?

தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று வரைந்த படத்தில், எழுத்தை வளைத்த பிறகும் அது பாட்டிலின் மேல் படியாமல் முன்னால் மிதப்பதுபோல் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் பாட்டிலை வரைந்து முடித்து, அதன் அகலத்துக்குப் பொருந்துமாறு லேபிளைத் தட்டையாக வடிவமைத்து, வடிவங்களை வளைக்க உதவும் வார்ப் கருவியில் ‘ஆர்க்’ (வட்ட வில்) என்பதைத் தேர்ந்து வளைத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். சரியாக வரவில்லை என்றால் வளைவைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார்கள். அதனால் பயன் இருக்காது, ஏனென்றால் பிழை எழுத்தின் அகலத்தில் இருக்கிறது.

ஓர் உருளையைச் சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ அதன் சுற்றளவில் பாதி. படத்தில் பாட்டிலின் அகலம் 200 பிக்சல் என்றால், அந்தப் பாதியை உரித்துத் தட்டையாக விரிக்கும்போது 314 பிக்சல் வரும். 314 பிக்சலில் இருப்பதெல்லாம் 200 பிக்சலுக்குள் அடங்க வேண்டும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் சுருங்காமல். நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாகப் போனால் முதல் 30 பாகைக்கு 50 பிக்சல் இடம் கிடைக்கும்; அடுத்த 30 பாகைக்கு 37 பிக்சல்; விளிம்பை ஒட்டிய கடைசி 30 பாகைக்கு எஞ்சுவது 13 பிக்சல் மட்டுமே. தட்டையான லேபிளில் இந்த மூன்று பட்டைகளும் ஒரே அகலம் கொண்டவை. ஆகவே 60 பாகையில் நிற்கும் எழுத்து, நடுவில் நிற்கும் அதே எழுத்தின் பாதி அகலத்தில் தெரிய வேண்டும். ‘ஆர்க்’ இந்தச் சுருக்கத்தைத் தருவதில்லை. போதாக்குறைக்கு, நிமிர்ந்த கோடுகளை விசிறிபோல் சாய்த்தும் விடுகிறது. அதே கருவியிலுள்ள ‘ஆர்ச்’ என்ற தேர்வு அந்தக் கோடுகளை நிமிர்த்தி வைத்திருக்கும் என்பதால் சற்றுப் பரவாயில்லை, ஆனால் சுருக்கம் அதிலும் கிடையாது.

நான் செய்வது இதுதான். லேபிளை 314 அகலத்திலேயே தட்டையாக வடிவமைத்து, ஆறு சமப் பட்டைகளாகப் பிரிக்கும் மெஷ் கோடுகளை (நகர்த்தினால் படமும் சேர்ந்து நகரும் வலைக்கோடுகளை) போட்டு, அந்தக் கோடுகளை நடுவிலிருந்து இருபுறமும் 50, 87, 100 என்ற இடங்களுக்கு நகர்த்துகிறேன். வளைப்பது அதற்குப் பிறகுதான். ஃபோட்டோஷாப்பில் லேபிளை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டு இதைச் செய்தால், பின்னால் எழுத்துப் பிழை கண்ணில் பட்டாலும் உள்ளே திறந்து திருத்திக்கொள்ளலாம். ஒரு வளைகோட்டை வரைந்து அந்தப் பாதைமேல் எழுத்தை ஓடவிடும் வழியை நான் தவிர்க்கிறேன். இல்லஸ்ட்ரேட்டரில் அதற்கு ‘ஸ்க்யூ’ என்ற தேர்வு இருக்கிறது. நிமிர்ந்த கோடுகளை அது நிமிர்த்தியே வைக்கும். என்றாலும் விளிம்பை நோக்கி எழுத்து குறுகிக்கொண்டே போவதை எந்தத் தேர்விலும் பெற முடியாது. ‘ணை’, ‘ஞௌ’ போன்ற அகன்ற எழுத்துகளில் இந்தக் குறை உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் ஒரே எழுத்துக்குள்ளேயே விளிம்பை நோக்கிய பகுதி மற்றப் பகுதியைவிடக் குறுகியிருக்க வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு ஷாம்பு பாட்டிலின் விளம்பரப் படத்தை வரைந்து கொடுத்திருந்தேன். பொருளின் பெயர் நீளமானது. லேபிளின் வடிவமைப்பாளர் அதை ஏறத்தாழ பாதிச் சுற்றளவுக்குப் பரப்பியிருந்தார். நான் மேலே சொன்ன முறையில் வரைந்து அனுப்பினேன். அந்த நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பாளரிடமிருந்து, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் நசுங்கியிருப்பதாகவும் எல்லா எழுத்துகளையும் ஒரே அளவாக்கித் தரும்படியும் பதில் வந்தது. அவருக்குப் புரியவைப்பதற்காக அதே லேபிளை அச்சிட்டு, பொருத்தமான சுற்றளவுள்ள ஒரு டின்னில் ஒட்டி, தள்ளி நின்று ஜூம் செய்து படமெடுத்து, என் ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். (பக்கத்தில் நின்று எடுத்தால் பாதிச் சுற்றளவு தெரியாது. உருளையின் மையத்திலிருந்து கேமரா ஆரத்தைப்போல் நான்கு மடங்கு தொலைவில் இருந்தால் 180 பாகைக்குப் பதிலாக ஏறத்தாழ 151 பாகைதான் தெரியும்.) இரண்டும் ஒத்துப்போவதை அவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டு, “இருந்தாலும் பெயர் முழுவதும் நன்றாகத் தெரிய வேண்டுமே” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். விற்கிறவருக்குப் பெயர் தெரிந்தாக வேண்டும். ஆனால் அதற்கான வழி வேறு. பெயரைச் சிறிதாக்கி, நடுக்கோட்டுக்கு இருபுறமும் 30 பாகைக்குள் அடக்கினால், ஓரத்து எழுத்துகூட 13 சதவீதம்தான் குறுகும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது உறுத்தாது. அப்படி மாற்றிய ஒரு வடிவத்தையும் வரைந்தே அனுப்பினேன். பெயர் சிறிதாகிவிட்டது என்று அதையும் ஒதுக்கிவிட்டு, என் படத்தின் மேல் தட்டையான எழுத்தை வேறு யாரையோ கொண்டு ஒட்டவைத்து வெளியிட்டார்கள். நான் போட்ட நிழலும் ஒளிக்கோடும் பாட்டிலை உருண்டையாகக் காட்ட, அதன் நடுவே பெயர் மட்டும் பலகையில் எழுதியதுபோல் விறைத்து நின்றது. திருத்தங்களுக்கான கூலி வரவில்லை என்பதைவிட அந்தப் படம் என் வேலையாக அறியப்பட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஓர் உருளையைப் போட்டு லேபிளைச் சுற்றினால் நொடியில் முடிந்துவிடுமே என்று யாராவது சொல்லக்கூடும். நானும் பிளெண்டரைப் பயன்படுத்துகிறவன்தான். ஆனால் கையால் வரைந்த பாட்டிலின் மேல் அந்த உருளை பொருந்த வேண்டுமானால், கேமராவை உங்கள் ஓவியத்தின் கண்மட்டத்தில், அதாவது பார்க்கிறவரின் கண் இருக்கும் உயரத்தில், வைக்கத் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் துல்லியமாகச் சுற்றிய எழுத்தும் ஒட்டாமல்தான் நிற்கும். கேலிச்சித்திர பாணியில் வரைகிறவர்கள் இதையெல்லாம் மீறலாம் என்பதையும் மறுக்கவில்லை. நீங்கள் தத்ரூபமாக வேண்டும் என்று கேட்டதால் சொல்கிறேன்.

கண்மட்டம் என்றதும் வளைவுக்கு வருகிறேன். லேபிளின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் எழுத்தின் அடிக்கோடும் நீள்வட்டங்களின் பகுதிகள். 15 பாகை மேலிருந்து பார்த்தால் நீள்வட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு. 30 பாகை என்றால் பாதி. கண்மட்டத்தில் அது நேர்கோடாகிவிடும், அதற்கு மேலே இருப்பவை எதிர்ப்புறமாக வளையும். அருகிலிருந்து பார்க்கும் காட்சி என்றால், கண்மட்டத்திலிருந்து கீழே இறங்க இறங்க வளைவு கூடும். ஆகவே ஒரே லேபிளில் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒரே அளவு வளைக்கக் கூடாது. நீள்வட்டம் நடுவில் மந்தமாகவும் ஓரத்தில் சட்டென்றும் திரும்பும். வட்ட வில்லுக்கு அந்தத் திருப்பம் இல்லாததால், ஓரங்களில் எழுத்து பாட்டிலை விட்டு விலகி நிற்பதுபோல் தோன்றும். பாட்டில் வரையும்போதே மூடியின் நீள்வட்டத்தை ஒழுங்காகப் போட்டிருந்தால், எந்தக் கண்மட்டத்தில் வரைந்தீர்கள் என்பதை அதை வைத்தே கண்டுகொள்ளலாம்.

உங்கள் பாட்டில் மேலே அகன்று கீழே குறுகும் கூம்பு வடிவம் என்றால் தட்டையான லேபிளே செவ்வகமாக இருக்காது. அதை முதலில் வளைந்த பட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். உருண்டையான குடுவை என்றால், அகலமான காகித லேபிளை அதில் ஒட்டுவதாக வரையவே வேண்டாம். கோளத்தின் பரப்பைச் சுருக்கமோ கிழிசலோ இல்லாமல் தட்டையாக்க முடியாது என்பதைக் கணித மேதை காஸ் 1827-இலேயே நிறுவிவிட்டார். அத்தகைய குடுவைகளுக்குக் குறுகலான பட்டையோ, பிளாஸ்டிக் உறையைச் சூட்டில் சுருங்கவைத்துப் படியவிடும் முறையோதான் பொருந்தும்.

நிழல், பளபளப்பு எல்லாம் கடைசி வேலை. லேபிளுக்கு மேலே ஒரு லேயரில் பாட்டிலின் நிழலை ‘மல்டிப்ளை’ முறையில் ஓடவிட்டால் எழுத்தும் சேர்ந்து இருளும். கண்ணாடியின் கூர்மையான ஒளிக்கோடு காகிதத்தைக் கடக்கும் இடத்தில் மங்கிப் பரவ வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நிழல் லேயர்களையும் வண்ணத்தையும் மறைத்துவிட்டு, பாட்டிலின் வெளிக்கோட்டையும் கறுப்பு எழுத்தையும் மட்டும் திரையில் வைத்துப் பாருங்கள். அப்போது எழுத்து தட்டையாகத் தெரிந்தால் நிழலைத் தொடாமல் மெஷ் கோடுகளுக்கே திரும்பிப் போங்கள்.