பல்லியை வந்தேறி என்று சொல்லலாமா?

கேள்வி: மனிதர்களை வந்தேறி என்று சொல்வதைக் கண்டிக்கும் நீங்கள், மொரீசியஸில் பரவும் மடகாஸ்கர் பச்சைப் பல்லியைப் போன இதழில் அப்படித்தானே எழுதினீர்கள்? பாவம், அதுவும் பிழைக்கத்தானே வந்தது?
- ஒரு வாசகர், தேனி

பதில்: மனிதர்மேல் அந்தச் சொல்லை வீசுவதை இன்றும் எதிர்க்கிறேன். மொரீசியஸில் ஆதிகுடி என்று யாருமே கிடையாது, நம் தமிழர் உட்பட அங்கிருக்கும் எல்லோரும் கப்பலில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள்தான். பல்லிக்கும் அந்தச் சொல் வேண்டாம் என்றால் சரி, அயல் இனம் என்று எழுதுகிறேன். அதனால் அங்கே நடப்பது மாறாது.

அது பிழைக்க வரவில்லை. பளீரென்ற பச்சையும் முதுகில் சிவப்புப் புள்ளியுமாக இருக்கிறதே என்று யாரோ ஆசைப்பட்டு வளர்க்கக் கொண்டுவந்தார்கள், 1990களில் அது வெளியே போய்ப் பெருகிவிட்டது. ஏறக்குறைய ஒரு அடி நீளம் வளரும், பூச்சி, பழம், பூந்தேன் என்று எல்லாவற்றையும் தின்னும், அப்புறம் சின்னப் பல்லிகளையும் விடாது. அந்தத் தீவில் மட்டுமே வாழும் பகல் பல்லிகளில் பெரும்பாலானவை இதில் பாதி அளவுதான். இது குடியேறிய இடங்களில் அவற்றைக் காண்பதே அரிதாகிவிட்டது.

'பல்லிதானே, ஒன்று போனால் இன்னொன்று' என்று நினைக்கலாம். அந்தத் தீவின் நீலவால் பல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மொரீசியஸின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ரூசியா என்ற செடி இருக்கிறது, இன்று மிஞ்சியிருப்பதே கொஞ்சம். அதன் பூவில் தேன் குடிக்க வந்து, மூஞ்சியில் ஒட்டிய மகரந்தத்தை அடுத்த பூவுக்குக் கொண்டுபோவது இந்தப் பல்லி ஒன்றுதான். பல்லி வராவிட்டால் அந்தச் செடி காய்க்காது. ஏற்கெனவே வெளியிலிருந்து வந்த ஓர் எறும்பு அந்தப் பூக்களில் மண்கூடு கட்டிப் பல்லியை விரட்டிக்கொண்டிருக்கிறது, அது போதாதென்று இப்போது இதுவும்.

பச்சைப் பல்லிமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மடகாஸ்கர் காட்டில் அது இருக்க வேண்டிய உயிர். கோபமெல்லாம் வாங்கி வளர்த்துவிட்டு, முடியாதபோது திறந்துவிடுகிறவர்கள்மேல்தான். நம் ஊரிலும் தொட்டியில் வளர்த்த சிவப்புக்காது ஆமை பெரிதானதும் கோயில் குளத்தில் விட்டுவிட்டுப் புண்ணியம் செய்ததாக நினைக்கிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்து வளர்க்க முடியாமல் போனால், தயவுசெய்து குளத்திலோ தோப்பிலோ விட்டுவிடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.